ரைன் ஆற்றங்கரையில் ரயில் பயணம்

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயிலில் இருக்கை எண்ணோடு பயணம் செய்து பழகிய நமக்கு, ஜெர்மனியின் வட்டார ரயில்களில் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது தயக்கம் தரலாம். ஆனால் ரைன் ஆற்றைக் காண அந்த ரயில்களே உகந்தவை. கொலோனிலிருந்து பிராங்பேர்ட் செல்லும் அதிவேக ரயில்களில் பெரும்பாலானவை ஆற்றை விட்டு விலகி மலைகளினூடே போய்விடுவதால், கோப்லென்ஸ், மைன்ஸ் வழித்தடத்தையே கேட்டு வாங்குங்கள்.

கொலோன் நிலையத்தை ஒட்டியே, 1248இல் தொடங்கி 1880இல் நிறைவுற்ற பேராலயம் நிற்கிறது. பெட்டிகளை நிலையத்துப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, 533 படிகள் ஏறித் தெற்குக் கோபுரத்திலிருந்து ஊரைப் பாருங்கள்.

கோப்லென்ஸில் மோசல் ஆறு ரைனில் கலக்கும் முனையைக் கண்டபின், மைன்ஸ் செல்லும் ரயிலில் கண்டிப்பாக இடப்பக்கச் சன்னலோரம் அமருங்கள். ஆறு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. நம் ஜார்ஜ்டவுனுக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 2002இல், யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த பள்ளத்தாக்கு இது. சாங்க்ட் கோவாரைத் தாண்டியதும் எதிர்க்கரையில் 132 மீட்டர் உயர லோரெலைப் பாறை எழும். அங்கே சுரங்கப்பாதைகள் அடுத்தடுத்து வந்து காட்சியை மறைக்கும் என்பதால், கைப்பேசியை முன்பே தயாராக வைத்திருங்கள்.

என் மனத்துக்கு மிக நெருக்கமான ஊர் பாகராஹ். நெடுந்தூர ரயில்கள் அங்கு நிற்பதில்லை. தண்டவாளத்தை ஒட்டியுள்ள பழைய மதில்மேல் நடந்து, 1368ஆம் ஆண்டைச் சேர்ந்த மரச்சட்ட வீட்டை நின்று பார்த்துவிட்டு அடுத்த வட்டார ரயிலில் ஏறுங்கள்.