கருவில் இரத்த நாளம் வளர்வது: மாணவர்கள் வழுக்கும் இடங்கள்

பினாங்கின் பாலிக் பூலாவில் கம்பத்துக் கோழி (நாட்டுக் கோழி) வளர்க்கும் அக்கா ஒருவர் கொடுத்த முட்டை. இன்குபேட்டரில் நான்கு நாள் வைத்திருந்து, ஆயர் ஈத்தாமில் உள்ள என் டியூஷன் அறைக்கு எடுத்து வந்தேன். விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தோம். சிவப்பாக ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்திக் கால்போல மெல்லிய கோடுகள்.

"டீச்சர், இதயத்திலிருந்து குழாய் வளர்ந்து போகுது!" என்றாள் எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) மாணவி ஒருத்தி.

பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் தொட்டியிலிருந்து பைப் இழுப்பதுபோல் இதயம் நாளங்களை அனுப்புவதில்லை. மஞ்சள் கருவை மூடிய சவ்வில் ஆங்காங்கே இரத்தத் தீவுகள் எனப்படும் உயிரணுக் கூட்டங்கள் தோன்றி, ஒன்றோடொன்று இணைந்து வலையாகின்றன. கோழிக் கருவின் இதயம் ஏறத்தாழ 33 முதல் 36 மணி நேரத்தில் துடிக்கத் தொடங்கும்போதே அந்த வலை உருவாகிக்கொண்டிருக்கும். இருக்கிற நாளத்திலிருந்து கிளை முளைப்பது வேறு வழி. விடைத்தாளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடாதீர்கள்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு இன்னொன்று. நாளம் வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தைப் பலர் உரம்போல நினைக்கிறார்கள்: கூடினால் நாளம் கூடும், குறைந்தால் கொஞ்சம் குறையும். 1996-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கின. எத்தனையோ மரபணுக்களுக்கு ஒரு பிரதியே போதும், இங்கே போதவில்லை. நாளங்கள் சரியாக உருவாகாமல், 11, 12-ஆம் நாள் வாக்கில் கரு இறந்தது. கூட்டிப் பார்த்த கதையும் அதுதான். இரண்டு மூன்று மடங்கு அதிகமானதற்கே எலிக் கருக்கள் இதயக் கோளாறோடு மடிந்தன. எவ்வளவு இறுக்கமான கணக்கு இது! அளவு என்ற சொல் இல்லாத விடையை நான் முழு விடையாக ஏற்பதில்லை.

இடமும் முக்கியம். ஆக்சிஜன் பற்றாத திசு வி.இ.ஜி.எஃப்-ஐச் சுரக்கிறது. அதன் நீண்ட வடிவங்கள் உயிரணுக்களைச் சுற்றியுள்ள பின்னலில் ஒட்டிக்கொள்ள, குட்டை வடிவம் எங்கும் பரவிவிடும். குட்டை வடிவத்தை மட்டுமே உண்டாக்கும் எலிக் கருவில் செறிவின் ஏற்றத்தாழ்வு மழுங்கிவிடுகிறது. கிளைகள் குறைந்து நாளங்கள் அகலமாகின்றன. வளரும் கிளையின் முனையில் இருக்கும் உயிரணு விரல்போன்ற நீட்சிகளால் அந்த ஏற்றத்தாழ்வைத் தடவித் தடவித்தான் வழி கண்டுபிடிக்கிறது.

அதே முனை உயிரணு டி.எல்.எல்.4 என்ற புரதத்தைக் காட்டி, அடுத்திருக்கும் உயிரணுவின் நாட்ச் என்ற ஏற்பியை (செய்தியை வாங்கும் புரதத்தை) தூண்டுகிறது. பக்கத்து உயிரணு முனையாகாமல் தண்டாகப் பின்தொடர்கிறது. இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் எல்லாமே முனையாக மாறப் பார்க்கும். கிளைகள் பெருகும், இரத்தம் ஒழுங்காக ஓடாது.

ஏற்பி என்றாலே தூண்டுவது என்று எழுதுவதும் தவறு. எஃப்.எல்.டி.1 என்ற ஏற்பி கருவில் பெரும்பாலும் வி.இ.ஜி.எஃப்-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொறி. அது இல்லாத எலிக் கருவில் நாள உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, கரு பிழைப்பதில்லை.

கடைசியாக நாள் கணக்கு. எலியின் கர்ப்பமே சுமார் 20 நாள்தான். அதன் 11-ஆம் நாளை மனிதக் கருவின் 11-ஆம் நாளாக எழுதிவிடாதீர்கள். மனிதக் கருவின் இதயம் துடிக்கத் தொடங்குவதே ஏறத்தாழ 22-ஆம் நாளில்தான்.