மேடைச் சண்டையும் தெருச் சண்டையும்: பழகியவர்கள் செய்யும் தவறுகள்

பாக்ஸிங், எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த போட்டிச் சண்டை) பழகுகிறவர்களும் கராத்தே, குங்ஃபூ, சிலம்பம், அடிமுறை பழகுகிறவர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் ஒரு வாக்குவாதம் கட்டாயம் வரும். தெருவில் நிஜமான அடிதடி என்று வந்தால் யார் கடைசியில் நிற்பார்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுதம் இல்லை, ஒருவருக்கு ஒருவர்தான் என்றால், திருப்பி அடிக்கும் ஆளோடு வாரம் தவறாமல் மோதிப் பழகியவர் கைதான் ஓங்கும். பெரும்பாலும் அவர் போட்டிக்குப் பழகுகிறவராகத்தான் இருப்பார். ஆனால் எதிராளி வெறுங்கையோடு, தனியாகத்தான் வருவான் என்பதற்குத் தெருவில் யார் உத்தரவாதம் தர முடியும்? இடுப்பில் கத்தி இருக்கலாம். பெட்டிக்கடை ஓரம் நிற்பவன் அவன் கூட்டாளியாக இருக்கலாம். இந்த இடத்தில்தான் இரு தரப்பும் வெவ்வேறு தவறுகளைச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். உயிர் போகிற தவறுகள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

"எங்கள் அடி ஆபத்தானது, அதனால் மோதிப் பார்க்க முடியாது"

மரபுக் கலைகளின் பக்கம் அதிகம் கேட்கும் பேச்சு இது. கண்ணில் குத்துவோம், தொண்டையில் இடிப்போம், விரையில் உதைப்போம், வர்மத்தில் தட்டுவோம். இதையெல்லாம் பயிற்சியில் முழு வேகத்தில் செய்தால் ஆள் செத்துவிடுவான், அதனால் காற்றில் மட்டும் பழகுகிறோம் என்பார்கள். காற்றில் மட்டும் பழகிய அடி, நகர்கிற ஆள்மீது விழாது. சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானில் கானோ ஜிகோரோ இதை நூறு வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டார். 1882-இல் கொடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுட்சுவின் ஆபத்தான பிடிகளையும் அடிகளையும் தினசரி மோதலிலிருந்து விலக்கினார். மிச்சமிருந்த தூக்கி எறிதல், அமுக்குதல், கழுத்துப் பிடி இவற்றை மாணவர்கள் தினமும் முழு பலத்தோடு ஒருவர்மேல் ஒருவர் செய்து பார்த்தார்கள். ஆபத்து குறைந்த நுட்பம், ஆனால் எதிர்க்கிற ஆள்மீது ஆயிரம் முறை செய்து பழகியது. அதற்கு எதிரே ஆபத்தான நுட்பம், ஆனால் ஒருமுறைகூட நிஜமாகச் செய்து பார்க்காதது. ஜூடோ உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

கண்ணில் குத்தினால் சண்டை முடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஜப்பானிய எம்.எம்.ஏ. வீரர் நகாய் யூகியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1995 ஏப்ரல், டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கம். எதிரே ஜெரார்ட் கோர்டோ என்ற டச்சுக்காரர். நகாயைவிட உயரத்திலும் எடையிலும் மிகப் பெரியவர். சண்டைக்கு நடுவில் அவர் விதியை மீறி நகாயின் வலது கண்ணில் விரலை விட்டுவிட்டார். அந்தக் கண்ணின் பார்வை திரும்பவே இல்லை. ஆனால் நகாய் சண்டையை நிறுத்தவில்லை. கோர்டோவின் குதிகாலைப் பிடித்து முறுக்கித் தோற்கடித்தார். அதே இரவு இன்னொரு பெரிய ஆளையும் தோற்கடித்து, இறுதிப் போட்டியில் பிரேசிலின் ஜியு-ஜிட்சு வீரர் ரிக்சன் கிரேசியிடம்தான் தோற்றார். விரையில் அடிக்கும் கதையும் இப்படித்தான். 1994 டிசம்பரில் நடந்த நான்காவது யு.எஃப்.சி.யில் (அமெரிக்காவின் கலப்புச் சண்டைப் போட்டி) அந்த அடிக்குத் தடை கிடையாது. கீத் ஹாக்னி ஜோ சன்னை அங்கேயே திரும்பத் திரும்பக் குத்தினார். ஒரே அடியில் ஆள் சுருண்டு விழவில்லை. கடைசியில் தொண்டையை அழுத்தித்தான் சண்டை முடிந்தது. வலி எல்லோரையும் நிறுத்தாது. வெறியில் இருப்பவனையும் குடித்திருப்பவனையும் நிச்சயம் நிறுத்தாது.

2017 ஏப்ரலில் சீனாவின் செங்டு நகரில் எம்.எம்.ஏ. வீரர் ஷு ஷியாவ்டோங், தாய் சி ஆசான் வெய் லெய்யோடு மோதிய வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஆசான் தரையில் கிடந்தார். அதைப் பார்த்து மரபுக் கலை எல்லாமே வேஷம் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். வெய் லெய் தோற்றது, தன்னை நோக்கி அடித்துக்கொண்டே வரும் ஒருவரைச் சமாளித்துப் பழகாததால். கராத்தேயிலிருந்து வந்த லியோட்டோ மச்சிடா 2009-இல் யு.எஃப்.சி. பட்டத்தையே வென்றார். அவர் காட்டிய தூரக் கணக்கும் நேர் உதையும் பழைய ஷோட்டோகான் கராத்தே சரக்கு. அதை அவர் மோதி மோதித் தீட்டியிருந்தார், அவ்வளவுதான்.

நம் ஊர் சிலம்பத்துக்கும் இதே கணக்கு. காலடியும் வீடு கட்டுதலும் பார்க்க அழகு. கால் பழக்கத்துக்கும் நல்லது. ஆனால் எதிராளி கம்பை நிஜமாகவே உங்கள் தலையை நோக்கி இறக்கும்போது என்ன ஆகும் என்று தெரிய, தலைக்கவசம் போட்டுக்கொண்டு கம்புச் சண்டையில் இறங்க வேண்டும். அதைச் செய்கிற வாத்தியாரிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். எந்தக் கலையானாலும், எதிர்த்துத் திமிறும் ஆளோடு மோதவிடாமல் பெல்ட் மேல் பெல்ட் கொடுக்கும் இடம் பிள்ளைக்குத் தருவது பொய்யான தைரியத்தை. அது பயத்தைவிட ஆபத்தானது.

மேடையின் பாதுகாப்பைத் தெருவுக்கும் எடுத்துப்போவது

இனி மறுபக்கம். போட்டிக்குப் பழகுகிறவர்களுக்கு மோதல் பழக்கம் உண்டு, அடி வாங்கிய அனுபவம் உண்டு, படபடப்பிலும் மூச்சைப் பிடித்து நிற்கத் தெரியும். இதெல்லாம் பெரிய சொத்து. ஆனால் மேடையில் அவர்களைக் காப்பாற்றும் சில விஷயங்கள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பழகிப்போய்விடுகின்றன.

முதலில் கை. 1988 ஆகஸ்டில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு வெளியே, விடியற்காலை நேரத்தில் மைக் டைசனுக்கும் மிட்ச் கிரீன் என்ற பாக்ஸருக்கும் அடிதடி ஆனது. டைசன் அப்போது உலக ஹெவிவெயிட் சாம்பியன். கிரீன் புதிய ஆள் இல்லை. 1986-இல் மேடையில் டைசனோடு பத்து ரவுண்டு மோதியவர்தான். இந்த முறை டைசனின் வலது கை எலும்பில் விரிசல் விழுந்தது. ஃபிராங்க் புருனோவோடு நடக்க வேண்டிய போட்டி தள்ளிப்போனது. கையில் துணிக்கட்டும் கிளவுஸும் இல்லாமல் மண்டை எலும்பில் குத்தினால் டைசன் கையே தாங்காது. நம் கை என்ன ஆகும்? சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முறிவதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரே பாக்ஸர் முறிவு. உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிப்பதைப் பழைய பள்ளிகள் சொல்லிக்கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. பாக்ஸிங் பழகுகிறவர்களும் அதைக் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம்.

அடுத்தது தரை. தரையில் பிடி போட்டு ஜெயிக்கும் ஜியு-ஜிட்சு பழகியவர் கீழே விழுந்தால் பயப்பட மாட்டார். பலர் வேண்டுமென்றே கீழே இழுப்பார்கள். மெத்தையில் அது சரி. சிமென்ட் தரையில், கருங்கல் ஜல்லி கிடக்கும் இடத்தில், எதிராளியின் நண்பர் பக்கத்தில் நிற்கும்போது, மல்லாந்து படுத்துக் காலால் பிடி போடுவது தலையை உதைக்கக் கொடுப்பதற்குச் சமம். கீழே விழ நேர்ந்தால் எப்படிச் சீக்கிரம் எழுவது என்பதைத்தான் முதலில் பழக வேண்டும். எதிராளியை அங்கே அமுக்கி வைத்து ஜெயிப்பது அதற்கு அப்புறம்தான்.

பிடியை விட்டதும் சண்டை முடிந்துவிடும் என்ற பழக்கம்தான் இவற்றிலேயே கொடியது. ஜிம்மில் ஆள் தோல்வியை ஒப்புக்கொண்டு இரண்டு தட்டு தட்டினால் விடுகிறோம், கை குலுக்குகிறோம். 2022 ஆகஸ்டில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் ஓர் இசை நிகழ்ச்சியில் லியாண்ட்ரோ லோவுக்கு ஒருவரோடு தகராறு வந்தது. லோ ஜியு-ஜிட்சுவில் எட்டு முறை உலகச் சாம்பியன். அந்த ஆளைக் கீழே தள்ளி அமுக்கிப் பிடித்து, சமாதானம் ஆனதும் விட்டுவிட்டார் என்று உடன் இருந்தவர்கள் தரப்பில் சொன்னார்கள். எழுந்த ஆள் துப்பாக்கியை எடுத்து லோவின் தலையில் சுட்டார். பணியில் இல்லாத ஒரு போலீஸ்காரர் அவர். லோவின் திறமையில் குறை சொல்ல எதுவுமே இல்லை. அடிபட்டுத் தோற்ற ஆள் என்ன மனநிலையில் எழுவான், அவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்பது எந்தப் பிடியாலும் தீராத கேள்வி. பிடியை விட வேண்டிய நிலை வந்தால், விட்டதும் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். பேசி மன்னிப்பு வாங்க நிற்கக் கூடாது.

கத்தி

கத்தி விஷயத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்தே தவறு செய்கிறார்கள். போட்டிக்காரர்கள் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. மரபுக்காரர்கள் யோசிக்கிறார்கள், ஆனால் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். டெமோவில் மாணவன் கையை நேராக நீட்டி ஒரே ஒரு குத்து குத்துவான். நீட்டிய கை அங்கேயே நிற்கும். ஆசான் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் கத்தியைப் பறிப்பார். கைதட்டல்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வெள்ளை பனியன் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சித் தோழர் கையில் மூடி கழற்றிய சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுங்கள். இருவரும் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: டெமோ மாதிரி குத்தக் கூடாது, நிஜமாகக் குத்த வேண்டும். அவர் இடது கையால் உங்கள் பனியனைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு, வலது கையால் வயிற்றுப் பக்கம் சின்னச் சின்னதாக, வேகவேகமாகக் குத்தி இழுப்பார். கத்திக் குத்து சம்பவங்களின் சி.சி.டி.வி. காட்சிகளில் பார்ப்பதும் இதைத்தான். பத்து விநாடி கழித்து பனியனைப் பாருங்கள். முன்னங்கையில் நீளக் கோடுகள், விலாவில் புள்ளிகள், அக்குளுக்குக் கீழே ஒன்று, சில சமயம் கழுத்தில் ஒன்று. மணிக்கட்டைப் பிடிக்கப் போன விரல்களில்தான் மை அதிகம் இருக்கும்.

இந்தச் சோதனைக்குப் பிறகு யாரும் கத்தியைப் பறிப்பது பற்றி லேசாகப் பேசுவதில்லை. கத்தி தெரிந்தால் ஓட வேண்டும். ஓட வழி இல்லையென்றால் நடுவில் நாற்காலி, பைக், ஹெல்மெட், பை என்று எதையாவது வைக்க வேண்டும். நீளமான கம்பு கையில் கிடைத்தால் அங்கே சிலம்பக்காரருக்குத்தான் சாதகம்; எட்டத்தில் வைத்தே கையை அடிக்கும் பழக்கம் பாக்ஸரிடம் கிடையாது. பர்ஸ் கேட்டால் பர்ஸைக் கொடுத்துவிடலாம்.

துரத்திப் போவது

அலெக்ஸ் காங் அமெரிக்காவின் பெயர் பெற்ற முய் தாய் (தாய்லாந்து குத்துச்சண்டை) சாம்பியன். சான் ஃபிரான்சிஸ்கோவில் சொந்த ஜிம் வைத்திருந்தார். 2003 ஆகஸ்டில் ஜிம்முக்கு வெளியே நிறுத்தியிருந்த அவர் காரை ஒருவன் இடித்துவிட்டு நிற்காமல் போனான். காங் பயிற்சியை விட்டுவிட்டு ஓடிப்போய், போக்குவரத்தில் நின்ற அந்த வண்டியை எட்டிப் பிடித்தார். ஓட்டியவன் உள்ளே இருந்தபடியே சுட்டான்; காங் அங்கேயே இறந்துபோனார். இடித்தது ஒரு கார். தகரத்தைத் தட்டி எடுத்தால் சரியாகிவிடும் சேதம்.

சண்டை தெரிந்தவர்களுக்கே உரிய தவறு இது. தெரியாதவர் பயந்து நின்றுவிடுவார், வண்டி நம்பரைக் குறித்துக்கொள்வார். தெரிந்தவருக்குக் கால் முன்னால் போகிறது. திட்டிவிட்டுப் போகிறவனை, உரசிவிட்டுப் போகிற பைக்காரனை, பார்க்கிங் தகராறில் கை நீட்டியவனை விட்டுவிட அவருக்கு மனசு வருவதில்லை. நாலு பேர் பார்க்கும்போது இன்னும் கஷ்டம்.

இதில் சட்டமும் இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. 37-ஆவது பிரிவு, தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது என்கிறது. 40-ஆவது பிரிவின்படி, ஆபத்து பற்றிய நியாயமான அச்சம் தொடங்கும்போது உடல் தற்காப்பு உரிமையும் தொடங்குகிறது; அச்சம் நீடிக்கும் வரைதான் அது இருக்கும். அதாவது முதல் அடி உங்கள்மேல் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் திரும்பி ஓட ஆரம்பித்த பிறகு நீங்கள் அடித்தால், அடிதடி வழக்கில் நீங்கள்தான் குற்றவாளி.

ஒரே குத்தில் உயிர் போவதும் நடக்கும். குத்தைவிட, நினைவு தப்பிச் சரியும் ஆளின் பின்மண்டை நடைபாதையில் மோதுவதுதான் பெரும்பாலும் கொல்கிறது. சிட்னியில் அடுத்தடுத்து நடந்த இப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. போதையில் அடித்து ஒருவர் இறந்தால் குறைந்தது எட்டு வருஷம் சிறை. மேடையில் நாக் அவுட் என்று கொண்டாடும் அதே குத்து, கீழே கான்வாஸ் இல்லாவிட்டால் கொலை வழக்கு ஆகிவிடும்.

ஜிம்மிலும் களரியிலும் சேர்க்க வேண்டியவை

சண்டைக்கு முந்தைய அரை நிமிடத்தை யாரும் பழக்குவதில்லை. ஒருவன் கத்திக்கொண்டே நெருங்கும்போது, இரண்டு கைகளையும் நெஞ்சு உயரத்தில் விரித்து "சரி, விடுங்க ணா, பிரச்சினை வேணாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கை தூரத்தைக் காத்துப் பக்கவாட்டில் நகர்வதைப் பழக வேண்டும். பார்ப்பவர்களுக்கு நீங்கள் சண்டையை விரும்பவில்லை என்று தெரியும். உங்கள் கைகளோ தாடைக்கு முன்னாலேயே இருக்கும். ஒருவர் திட்டுவது, இன்னொருவர் நகர்வது, திடீரென்று மூன்றாவது ஆள் பின்னாலிருந்து வருவது என்று வாரத்தில் ஒரு நாள் செய்து பார்க்கலாம். இதற்கு பாக்ஸிங், கராத்தே என்ற பேதமே தேவையில்லை.

அடிதடி நடந்தே விட்டால், விலகி வந்ததும் சட்டைக்குள் கையை விட்டு வயிறு, விலா, அக்குள், முதுகு எல்லாம் தடவிப் பாருங்கள். அந்தப் படபடப்பில் கத்தி இறங்கியது ஏதோ இடி பட்ட மாதிரிதான் இருக்கும்; ரத்தம் கையில் ஒட்டினால்தான் தெரியும். 112-க்குக் கூப்பிடுங்கள். சின்னக் காயமானாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் வழக்கு வந்தால் அதுதான் ஆதாரம். தலையில் அடிபட்டிருந்தால் அன்று இரவு தனியாகப் படுக்க வேண்டாம். வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம் இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.