கண் ரத்த ஓட்ட ஸ்கேன்: எங்கே தவறுகிறோம்

கொழிஞ்சாம்பாறை, வண்டித்தாவளம் பக்கத்துச் சர்க்கரைக்காரர்கள் ஒரு தடவை பாலக்காட்டில் கண் காட்டுவார்கள், அடுத்த தடவை வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போவார்கள். போகட்டும். ஆனால் இரண்டு ஊர் ஓசிடி ஆஞ்சியோ (விழித்திரை ரத்தக்குழாய்களை ஒளியால் படமெடுக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து, "அடர்த்தி குறைஞ்சிருச்சே" என்று பயப்படுவது வீண். ரத்தக்குழாய் அடர்த்தியை ஒவ்வொரு கம்பெனி மெஷினும் தன் கணக்கில்தான் போடும். ஒரே மெஷினில்கூட 3 மில்லிமீட்டர் சதுரத்தில் எடுத்ததை 6 மில்லிமீட்டரில் எடுத்ததோடு ஒப்பிட முடியாது. தொடர்ந்து கவனிக்க வேண்டிய கண் என்றால் ஒரே மெஷின், ஒரே அளவு.

ரத்தக்குழாய் தெரிவதற்காகக் கையில் போடும் சாய ஊசி இல்லாமல் இது எப்படிப் பார்க்கிறது? ஒரே இடத்தைச் சட்டென்று திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்கிறது. அசையாத திசுவில் சிக்னல் மாறாது. ரத்த அணுக்கள் ஓடும் இடத்தில் மாறும். அந்த மாற்றத்தைத்தான் படமாக்குகிறது. அதனால் கறுப்பாக இருக்கும் இடத்தில் ரத்தமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மெஷினுக்கு எட்டாத அளவு மெதுவாக ஓடினாலும் கறுப்புதான். கண்புரை மறைத்தாலும் கறுப்புதான். கண் அசைந்தால் கோடு கோடாக விழும். விழித்திரையின் மேலடுக்குக் குழாயே கீழடுக்கில் போலியாகத் தெரிவதும் உண்டு. எனவே அடர்த்தி எண்ணைப் படிக்கும் முன் சிக்னல் தரத்தைப் பாருங்கள். அது மோசம் என்றால் நன்றாகக் கண் சிமிட்டிவிட்டு மறுபடி எடுக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

இந்த மெஷின் வந்ததால் சாய ஊசியே தேவையில்லை என்பதும் சரியில்லை. குழாயிலிருந்து நீர் கசிகிறதா என்பதை ஓசிடி ஆஞ்சியோ காட்டாது. டாக்டர் ஊசி கேட்டால் பெரும்பாலும் அதற்காகத்தான்.

ஜப்பானில் உருவான லேசர் ஸ்பெக்கிள் கருவி வேறு ரகம். ஓட்டத்தின் வேகத்தை ஒப்பீட்டு எண்ணாகத் தரும். அந்த எண்ணை அதே கண்ணின் பழைய எண்ணோடு வைத்துப் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணோடு அல்ல. ஒலி அலையால் ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் அல்ட்ராசவுண்டில் இமை மேல் வைக்கும் கருவியைக் கொஞ்சம் அழுத்தினாலே கண் அழுத்தம் கூடி அளவு மாறிவிடும்.

அப்புறம், ஸ்கேனுக்கு முன்னால் காபி, பீடி, சிகரெட் வேண்டாம். மூன்றும் கண்ணின் ரத்த ஓட்டத்தை மாற்றக்கூடியவை. பஸ் பிடிக்க ஓடி வந்திருந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் இதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று ஸ்கேன் எடுப்பவரிடம் சொன்னால் போதும்.