கழுத்தில் சூடு போட்டதுபோல் ஒரு கோடு

மழைக்காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் வயலை ஒட்டிக் குடியிருந்தால், காலையில் எழும்போது கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ இப்படியொரு சிவந்த கோடு தெரியலாம். எனக்கு வந்தபோது, "அக்கிதான், போய் எழுதிட்டு வா" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. தோல் மருத்துவரோ பார்த்ததுமே பூச்சி நசுங்கிய தடம் என்றார்.

பெடரஸ் என்ற சிறு வண்டு அது. எறும்பு மாதிரி ஒல்லி. தலையும் வால் நுனியும் கறுப்பு, நடுவில் ஆரஞ்சு. கடிக்காது, கொட்டாது. தூக்கத்தில் நாம் நசுக்கினால் அதன் உடலிலுள்ள பெடரின் என்ற நச்சு தோலில் பட்டுக் கொப்புளம் போடும். எரிச்சல் பெரும்பாலும் ஒரு நாள் கழித்தே தெரிவதால் பூச்சிமேல் சந்தேகமே வராது.

சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வைத்து, மருத்துவர் தந்த களிம்பைப் பூசினேன். புண் ஆறியது, கறுப்புத் தழும்பு மட்டும் மெதுவாகத்தான் போனது.

வெளிச்சத்துக்குத்தான் இவை வருகின்றன. அதனால் பொழுது சாய்ந்ததும் படுக்கையறை டியூப்லைட்டை அணைத்துவிடுகிறேன். ஜன்னலுக்கு நெருக்கமான வலை அடித்தேன், தலையணையை உதறிவிட்டே படுக்கிறேன். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதிவிட வேண்டும். தப்பித் தவறி நசுங்கினால் அந்தக் கையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. மருந்தடித்துக் கொல்ல எனக்கு மனசில்லை. வயலில் புகையான் என்ற பயிர்ப்பூச்சியைத் தின்று நெல்லைக் காப்பதும் இதே வண்டுதான்.