பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த அறிவித்தலை, பார்வையற்ற சக ஊழியர் வாசிக்கக்கூடியதாக மாற்றுவது எப்படி?

பார்வையற்ற பிள்ளைகளுக்கான சுன்னாகம் வாழ்வகம் மாதிரியான இடங்களில் வளர்ந்து படித்த பிள்ளைகள் இப்போது எங்கள் கந்தோர்களுக்கும் வேலைக்கு வருகிறார்கள். மேசை கொடுத்தாயிற்று, கணினி கொடுத்தாயிற்று. அந்தக் கணினிக்குப் போகிற கடிதத்தை அடித்து அனுப்புவது நீங்களும் நானும்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றும் விட்டது. ஆனால் சட்டம் வந்து எழுத்துருவை மாற்றித் தராது. "தேவையென்றால் அவரே கேட்கட்டும்" என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

படி 1: காதால் கேளுங்கள்
திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான் இலவசம். அலுவலகக் கணினியில் இன்ஸ்டோல் பண்ண விடாவிட்டால் போர்ட்டபிள் பிரதியைப் பென் டிரைவில் போடுங்கள். அதனுடன் வரும் ஈஸ்பீக் (eSpeak) என்ற பேச்சுக் கருவியில் தமிழ்க் குரலைத் தெரிவுசெய்து, கடைசியாக அனுப்பிய அறிவித்தலைத் திறவுங்கள். பாமினி என்றால், 'அறிவித்தல்' என்ற தலைப்பே "எம் டபிள்யூ பி ரி பி ஜே" என்கிற மாதிரிக் கேட்கும். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. கண்ணுக்கு மட்டும்தான் தமிழ்.

படி 2: யுனிகோடுக்கு மாற்றுங்கள்
யுனிகோட் என்றால் தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் முறை. பாமினியை அதற்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. கொப்பி, பேஸ்ட், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நம்பித்தான் "யாழ்ப்பாணம்இ கிளிநொச்சிஇ வவுனியா" என்று ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். பாமினியில் 'இ' இருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில். தட்டச்சாளர் காற்புள்ளியை டைம்ஸ் நியூ ரோமன் என்ற ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தால், மாற்றி அதையும் 'இ' ஆக்கிவிடும். மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதுவும் சிதைந்துவிடும். திரைவாசிப்பான் எல்லாவற்றையும் அப்படியே வாசிக்கும், பாவம் கேட்கிறவர்.

அதனால் மாற்றுவதற்கு முன், வேர்டில் கன்ட்ரோல் எச் அழுத்துங்கள். தேடுவதற்கும் மாற்றுவதற்கும் வரும் இரண்டு பெட்டிகளையும் வெறுமையாக விட்டு, மேற்பெட்டிக்கு எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன், கீழ்ப்பெட்டிக்கு எழுத்து நிறம் சிவப்பு என்று கொடுத்து, எல்லாவற்றையும் மாற்றுங்கள். சிவப்பில் தெரிவது எதையும் மாற்றியிடம் கொடுக்கக் கூடாது. பந்தி பந்தியாக மாற்றி, சிவப்புத் துண்டுகளைக் கையால் சேருங்கள். அலுப்புத்தான், ஆனால் ஒரு கடிதத்துக்கு ஒருமுறைதான்.

படி 3: படமாக அனுப்பாதீர்கள்
கையொப்பமிட்ட ஸ்கேன் வேண்டுமென்றால் அனுப்புங்கள், வேர்ட் பிரதியையும் கூடவே வையுங்கள். வட்ஸ்அப்பில் போஸ்டர் போட்டால் திகதி, நேரம், இடம் மூன்றையும் கீழே தட்டச்சு செய்யுங்கள்.

பிற்சேர்க்கை: "எங்கட தட்டச்சாளர் அக்காவுக்குப் பாமினி விசைப்பலகைதான் கைவரும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் (NHM Writer) என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி முறையிலேயே அடிக்கலாம், விழுவது யுனிகோட். என் தெரிவும் அதுதான்.

இன்னொன்று: பாமினி வேர்டைப் பிடிஎப் ஆக்கினால் தீர்ந்துவிடுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தீராது. அதற்குள்ளும் அதே "எம் டபிள்யூ பி" தான்.