உங்கள் மூளையின் தாளத்தை நீங்களே பார்ப்பது எப்படி

நினைவு (ஞாபகமல்ல, சுயநினைவு) எங்கிருந்து வருகிறது என்று படித்துக்கொண்டே இருப்பவர்கள், ஒரு முறையாவது தன் மூளையின் தாளத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மூளையின் மின்சாரத்தைத் தலைத்தோலிலிருந்தே பதிவு செய்யும் ஒரு எளிய இ.இ.ஜி. கருவியும் துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் போதும்.

அந்த மின்சாரத்தை வாங்கும் சிறு தகடான எலக்ட்ரோடு ஒன்றைப் பின்மண்டையில் வையுங்கள், பார்வைக்கான பகுதி அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேல். முடியை விலக்கி ஜெல் தோலில் நன்றாகப் படும்படி பொறுமையாக வைக்க வேண்டும், ஏனென்றால் நாம் தேடும் அலை சில பத்து மைக்ரோவோல்ட்தான், பல்லைக் கடித்தாலே தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். கருவியை இணைத்திருக்கும் மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கட்டாயம் கழற்றிவிடுங்கள்.

சரி, கண்ணை மூடுங்கள். திரையில் கிறுக்கலாக ஓடிய கோடு ஓரிரு நொடியில் சீராகி, நொடிக்குப் பத்து முறை போல ஏறி இறங்கும். கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். இதுதான் ஆல்பா அலை. 1924-இல் மனித மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்த ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் கண்டதும் இதைத்தான். சிலருக்கு இயல்பாகவே இது சிறியதாக இருக்கும், அதில் கோளாறு எதுவும் இல்லை.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. படுத்துக் கண்ணை மூடி, மூச்சு விடும்போதெல்லாம் விரலால் ஒரு முறை தட்டுங்கள், தூக்கம் வந்தால் வரட்டும். ஒவ்வொரு தட்டலையும் துணைக்கு இருப்பவர் பதிவில் குறிக்க வேண்டும். எழுந்த அப்புறம், தட்டல் நின்ற இடத்தைத் தேடிப் பாருங்கள்: அதை ஒட்டி ஆல்பா துண்டு துண்டாக உடைந்து, நொடிக்கு நாலு முதல் ஏழு வரையிலான மெதுவான அலைகள் வந்திருக்கும். நினைவு நழுவிய இடம் கோட்டிலேயே தெரிகிறது!

இதைப் பார்த்ததும், தாளம்தான் நினைவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நிறம், வடிவம், அசைவு என்று தனித்தனியாக வேலை செய்யும் நரம்பணுக்கள் நொடிக்கு 40 முறை போல ஒன்றாகத் துடிப்பதால்தான் ஒரே காட்சியாக உணர்கிறோம் என்று 1990-இல் விஞ்ஞானிகள் பிரான்சிஸ் கிரிக்கும் கிறிஸ்டாஃப் காக்கும் எழுதினார்கள். அழகான கருத்துதான், ஆனால் ஒருவகை வலிப்பில் மூளையின் பெரும்பகுதி நொடிக்கு மூன்று முறை ஒரே தாளத்தில் துடிக்கிறது, அப்போது குழந்தை கண் திறந்தபடியே நினைவில்லாமல் இருக்கிறது. அதனால் பதிவைப் படிக்கும்போது அலை எவ்வளவு பெரிது என்பதை மட்டும் பார்க்காமல், அது எப்போது உடைகிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பாருங்கள்; கடைசித் தட்டலுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நொடியைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அங்கிருந்தே தொடங்கலாம்.