ஏலத்தில் எடுத்த இராணுவ லாரியை நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஓட வைப்பது எப்படி?

இராணுவ ஏலத்தில் எடுத்த கனரக லாரியை சென்னை மாதவரத்திலிருந்து செங்குன்றம் வழியாக ஜி.என்.டி. சாலையில் ஓட்டிச் சென்றவர்களுக்கு இந்த அனுபவம் பழகியிருக்கும். இன்ஜின் அலறும், கேபினுக்குள் பேசுவது கேட்காது, ஸ்பீடாமீட்டர் முள் 70-ஐ ஒட்டி நின்றுவிடும், துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றி வரும் டிரெய்லர்கூட ஹாரன் அடித்துவிட்டு நம்மை முந்திப் போகும். இன்ஜினுக்குச் சக்தி போதவில்லை என்றுதான் உடனே தோன்றும். பெரும்பாலும் அது தவறான கணிப்பு. மணலிலும் சேற்றிலும் பாரத்தோடு ஏறுவதற்காக இந்த வண்டிகளின் அச்சில் மிகத் தாழ்ந்த கியர் விகிதம் வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க இராணுவத்தின் எம்35 லாரியில் அந்த விகிதம் 6.72. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஜாயிண்ட் ஷாஃப்ட் ஏறத்தாழ ஏழு சுற்று சுற்ற வேண்டும். சக்தி தீர்வதற்கு முன்பே இன்ஜினின் சுற்று தீர்ந்துவிடுகிறது.

முதல் படி: ஸ்பேனருக்கு முன் ஆர்.சி. புத்தகம்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. எனவே மாற்றப்போகும் கியர் பாக்ஸும் கிரவுன் பினியனும் (அச்சின் விகிதத்தை முடிவுசெய்யும் பல் சக்கர இணை) அதே தயாரிப்பாளர் அதே மாடல் வரிசைக்குக் கொடுத்தவையாக இருக்க வேண்டும். பாகங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

இலக்கு வேகத்தையும் சட்டமே முடிவு செய்துவிடுகிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, சரக்கு வாகனங்களுக்கு நான்குவழிச் சாலையிலும் விரைவுச் சாலையிலும் உச்ச வரம்பு 80 கி.மீ.; நகராட்சி எல்லைக்குள் 60. ஆகவே இந்த விளக்கம் முழுவதும் 80-ஐ வைத்தே செல்கிறது. 100 வேண்டும் என்று கேட்பவர்களுக்கான பதில் மூன்றாம் படியில் இருக்கிறது.

இரண்டாம் படி: வண்டியை அளந்து பாருங்கள்

ஏல வண்டியின் பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம். பணிக்காலத்தில் ஹவுசிங் மாற்றப்பட்டிருக்கலாம். தேவையானவை சாக்பீஸ், அளவு நாடா, நல்ல ஜாக்கி, நான்கு தடைக்கட்டைகள், கூட ஓர் ஆள்.

டயரை முதலில் அளக்கவும். பின்சக்கர டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை மெதுவாக மூன்று சுற்று நகர்த்தி, நகர்ந்த தூரத்தை மூன்றால் வகுக்கவும். 10.00-20 அளவு டயர் போட்ட வண்டியில் 9.90 மீட்டர் வந்தால், ஒரு சுற்றுக்கு 3.30 மீட்டர். டயரின் விட்டத்தைக் குறுக்கே அளந்து 3.14-ஆல் பெருக்குவதைவிட இதுவே சரியான முறை. பாரத்தில் டயர் அமுங்கும் அளவும் இதில் சேர்ந்துவிடும்.

அடுத்தது அச்சு விகிதம். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கவும். மற்றொன்று தரையிலேயே இருக்கட்டும். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) நியூட்ரலில் இருக்க வேண்டும், டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல் சக்கரத் தொகுதி) லாக் விடுபட்டிருக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தை ஒருவர் 20 சுற்று சுற்ற, சாக்பீஸ் கோடு போட்ட ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மற்றவர் எண்ணவும். ஒரு சக்கரம் நிற்கும்போது டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றையே ஷாஃப்ட்டுக்குக் கடத்துவதால், எண்ணிக்கையை 20-க்குப் பதில் 10-ஆல் வகுக்க வேண்டும். 66 சுற்று வந்தால் விகிதம் 6.6. ஆறு சக்கர இயக்கமுள்ள வண்டியில் இரண்டு பின் அச்சுகளுக்கும் இடையிலுள்ள ஜாயிண்ட்டைக் கழற்றிவிட்டுச் செய்யவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதன்முறை மூலக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில் இதைச் செய்தபோது, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்ட தைரியத்தில் தடைக்கட்டை வைக்காமலே ஜாக்கியை ஏற்றினேன். சக்கரம் தரையை விட்டதும் வண்டி ஒரு முழம் பின்னால் நகர்ந்து, ஜாக்கி சாய்ந்து, சேஸிஸ் கீழே இறங்கியது. அடியில் யாரும் இல்லாததால் பிழைத்தோம். அருகிலிருந்த வயதான ஃபிட்டர், “தம்பி, எத நம்பி தூக்குன? ஹேண்ட்பிரேக் ஷாஃப்ட்ல இருக்குப்பா, சக்கரத்துல இல்ல” என்றார். பல இராணுவ வண்டிகளில் ஹேண்ட்பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் அது தடையில்லாமல் சுற்றும், தரையிலுள்ள சக்கரம் டிஃபரன்ஷியல் வழியாக நழுவிவிடும். எனவே தூக்காத சக்கரங்கள் அனைத்துக்கும் இருபுறமும் கட்டை வையுங்கள்.

மூன்றாம் படி: கணக்கு

வேகம் மணிக்கு 80 கி.மீ. என்றால் நிமிடத்திற்கு 1,333 மீட்டர். அதை 3.30-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்திற்கு 404 சுற்று சுற்ற வேண்டும். 6.6-ஆல் பெருக்கினால் நேர் கியரில் (இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும் கியர்) இன்ஜின் 2,667 சுற்றில் ஓட வேண்டும். உங்கள் இன்ஜினின் கவர்னர் (சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் கருவி) 2,400-இல் நிறுத்துகிறது என்றால், வண்டி 72-ஐத் தாண்டாததற்கான காரணம் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. சரிபார்க்க, செல்பேசியில் ஜி.பி.எஸ். வைத்து மேல் கியரில் 50-இல் ஓட்டிப் பாருங்கள். டாக்கோமீட்டர் 1,670-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். வேறாகக் காட்டினால், டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் நிலையோ மேல் கியரோ நேர் விகிதம் அல்ல என்று பொருள். அந்த விகிதத்தையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்து, சக்தி போதுமா என்று பார்க்க வேண்டும். எட்டு டன் எடையும் ஆறு சதுர மீட்டர் முகப்பும் கொண்ட சதுரப் பெட்டி போன்ற வண்டிக்கு, சமதளத்தில் 80-இல் ஓட, கியர்களில் வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ 85 குதிரைத்திறன் போதும். அதே வண்டி 100-இல் ஓட ஏறக்குறைய 145 வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வதே இதற்குக் காரணம். மேம்பாலம் ஏறவும் எதிர்க்காற்றைச் சமாளிக்கவும் மிச்சம் வேண்டும் என்பதால், 80-க்கே 120 குதிரைத்திறனுக்குக் குறையாத இன்ஜின் இருப்பது நல்லது. நூறில் பறக்க விரும்புபவர்கள் இந்தக் கணக்கோடு டீசல் விலையையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

நான்காம் படி: எதை மாற்றுவது?

டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் எஃப்.ஐ. பம்பின் கவர்னர் சீலை உடைத்துச் சுற்றைக் கூட்டுவது மலிவான வழி என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். 2,400-இலிருந்து 2,800-க்குப் போனால் கனெக்டிங் ராடின் மீது விழும் விசை 36 விழுக்காடு கூடும், வேகமோ 84-ஐத் தொட்டுவிட்டு நிற்கும். இன்ஜின் பிளாக்கில் ஓட்டை விழுவதைப் பார்த்தவர்கள் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பெரிய டயர் போடுவது எளிய வழி. 10.00-20-க்குப் பதிலாக 12.00-20 போட்டால் சுற்றளவு ஆறு, ஏழு விழுக்காடு கூடி, 72 என்பது 77 ஆகும். ஆனால் ரிம் அகலம், மட்கார்டு இடைவெளி, முழுத் திருப்பத்தில் முன்டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள வேகக் குறியீட்டையும் பாருங்கள்: எஃப் என்றால் 80, ஜி என்றால் 90, ஜே என்றால் 100, கே என்றால் 110. தயாரிப்புத் தேதி நான்கு இலக்கங்களில் இருக்கும். 1409 என்றால் 2009-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம். கிடங்கில் கிடந்த பழைய நைலான் டயர் பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் நெடுஞ்சாலைச் சூட்டில் உரிந்துவிடும், ரேடியலுக்கு மாறுங்கள். லாக் ரிங் உள்ள ரிம்மில் கூண்டுக்குள் வைத்தே காற்று அடிக்க வேண்டும். ரிங் தெறித்தால் ஆள் தப்புவதில்லை.

கிரவுன் பினியனை 6.6-இலிருந்து 5.3-க்கு மாற்றினால், 80-இல் இன்ஜின் சுமார் 2,140 சுற்றில் அமைதியாக ஓடும். ஆனால் முன் அச்சிலும் அதே விகிதம் போட்டாக வேண்டும். இரண்டும் வேறுபட்டால், முன்சக்கர இயக்கத்தைப் போட்டதும் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொண்டு பல் உடையும். பேக்லாஷும் (பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி) பல் பதியும் இடமும் பார்த்துப் பூட்டத் தெரிந்த கை வேறு வேண்டும். முதல் கியரின் இழுவையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

என் பரிந்துரை ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் மேல் கியர்) உள்ள கியர் பாக்ஸ். மேல் கியர் 0.8 என்றால், அச்சைத் தொடாமலேயே 80-இல் இன்ஜின் 2,133 சுற்றில் ஓடும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னாலேயே மாற்றம் நடப்பதால் முன், பின் அச்சுகளுக்கிடையே பிணக்கு வராது. வாங்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பெல் ஹவுசிங் போல்ட் வட்டம், இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் எண்ணிக்கை, பைலட் பேரிங் அளவு, முதல் கியர் பழையதைப் போலவே தாழ்ந்ததா என்பது. புதிய பாக்ஸின் நீளம் மாறினால், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும் குட்டி ஷாஃப்ட்டை லேத்தில் வெட்டிச் சேர்த்து, கட்டாயம் பேலன்ஸ் செய்ய வேண்டும். ஒருமுறை ஒரு லேத் கடையில் எனக்கு வெட்டிக் கொடுத்த ஷாஃப்ட்டில் இரு முனை யோக்குகளும் (ஜாயிண்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே கோட்டில் இல்லாமல் சில டிகிரி திரும்பியிருந்தன. 55-ஐத் தாண்டியதும் தரைத்தகடு அதிர்ந்து, மிதியடியில் வைத்த கால் மரத்துப்போனது. பேலன்ஸில் குறை என்று இரண்டு நாள் தேடினோம். வெட்டுவதற்கு முன் குழாயின் நீளவாக்கில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

ஐந்தாம் படி: நிறுத்தவும் திருப்பவும்

60-க்குப் பதிலாக 80-இல் பிரேக் அடித்தால் டிரம் விழுங்க வேண்டிய ஆற்றல் 1.78 மடங்கு. ஆகவே கியர் பாக்ஸ் இறங்கும் நாளிலேயே எல்லா டிரம்களையும் கழற்றி, லைனிங்கை மாற்றி, ஏர் பிரேக் வண்டியாக இருந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை வைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் சரிசெய்யுங்கள். கிங்பின், டை ராடு முனை, ஹப் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கக் கூடாது. 40-இல் தெரியாத ஆட்டம் 75-இல் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். ஓவர்டிரைவில் ஷாஃப்ட் பழையதைவிட வேகமாகச் சுற்றுவதால் கிராஸ் பேரிங்குகளையும் புதிதாகப் போடுங்கள்.

ஆறாம் படி: ஓட்டிப் பார்ப்பது

எஃப்.சி.யும் (தகுதிச் சான்றிதழ்) இன்சூரன்சும் நடப்பில் இருக்கும் வண்டியை, பாரமில்லாமல், அதிகாலையில் மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எண்ணூர்ப் பக்கச் சாலைகளில் கண்டெய்னர் வரிசை நடுவே சோதனை ஓட்டம் வேண்டாம். 50-இல் பத்து நிமிடம் ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் ஷூ உரசுகிறது அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. சரிசெய்யாமல் அடுத்த வேகத்திற்குப் போக வேண்டாம். பிறகு 60, 70, 80 என்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஹப், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இன்ஜின் வெப்பமானி ஆகியவற்றைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பீடாமீட்டர் ஓட்டம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து, புது டயருக்கும் புது பாக்ஸுக்கும் அது தவறாகக் காட்டலாம். ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டு, ஸ்பீடாமீட்டரை ஓட்டும் சிறு பினியனை மாற்றிச் சரிசெய்யவும்.

முதல் 100 கி.மீ. முடிந்ததும் சக்கர நட்டுகளையும் ஜாயிண்ட் போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள். 500 கி.மீ. ஆனதும் புதிய பல் சக்கரங்கள் உள்ள பெட்டியின் எண்ணெயை இறக்கி, வடிகால் போல்ட்டின் காந்தத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் பல்லும் பல்லும் பழகுகின்றன என்று பொருள். புது எண்ணெய் ஊற்றி ஓட்டலாம். ஊசிபோன்ற சில்லுகள் விரலில் குத்தினால் வண்டியை அங்கேயே நிறுத்திப் பெட்டியைத் திறக்க வேண்டும்.